பயந்த கார்டின் வீடு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். நானும் டீச்சரும் சுகமாக இருக்கிறோம். அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்துகிற காலம் இது. அந்தச் சூட்டிலேயே கட்டிக்கொண்டவனுக்கும் மார்க் போடுகிறாள். இந்த வாரம் நான் ஜஸ்ட் பாஸ். உன் மணிக்கட்டு வலி தேவலையா? அத்தானுக்கு இருமல் நின்றதா? பிரஸ்ஸில் அச்சுப் பிழை பிடிக்கிற உன்னை இன்னும் கழுகு என்றுதான் கூப்பிடுகிறார்களா?

எங்கள் புது நாட்டிய நாடகம் மே மாதம் மேடை ஏறுகிறது. பெயிண்ட் கடை மாடியில், கண்ணாடிச் சுவர் வைத்த அதே கூடத்தில் தினமும் ஒத்திகை. டைரக்டர் இடி வழக்கம்போல மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி முழங்குகிறார். இந்த முறை அவருக்கு ஒரு யோசனை. முதல் காட்சியில் மேடை இருட்டாக இருக்குமாம். எங்கள் பாடகி, அதான் மகாராணி, வார்த்தை இல்லாமல் அவளுக்குத் தோன்றியபடி இரண்டு வரி முனக வேண்டுமாம். சுருதி யாரும் கொடுக்கக்கூடாது. அன்றைக்கு அவள் தொண்டை எந்த ஸ்கேலில் போய் நிற்கிறதோ அதைக் காதாலேயே பிடித்து நான் பியானோவில் சேர வேண்டும். இடி சொல்கிறார்: "அதுக்குத்தானேய்யா உன்னை வச்சிருக்கேன்!"

ஆனால் பியானோ சரியில்லை அக்கா. ச-க-ப சேர்த்து அடித்தால் நடுவில் இருக்கிற க சுருதி இறங்கித் தொங்குகிறது. மூன்று சுரமும் சேர்ந்து சிரிக்க வேண்டிய மேஜர் கார்டு அடிக்கிறேன், மைனர் மாதிரி அழுகிறது. சுருதிக்காரர் இரண்டு தடவை வந்து மூடியைத் திறந்து கம்பி கம்பியாகப் பார்த்துவிட்டார். "பியானோ சுத்தமா இருக்கு சார். நீங்க ரெண்டு நாள் நல்லா தூங்குங்க" என்றார். மகாராணிக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். எனக்கு மட்டும் கேட்கிறது. கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது.

கார்டு, ஸ்கேல் எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அதனால் ஒரு சந்தேகம். க இப்படித் தொங்கினால் அந்தக் கார்டு எந்த ஸ்கேலுக்குப் பிள்ளை?

போனில் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. உனக்குத்தான் போன் என்றால் ஆகாதே. போனில் பேசினால் பாசம் கரைந்துபோகும் என்று சொல்லி எட்டு வருஷமாக என்னைத் தபாலாபீஸுக்கு நடக்க வைக்கிறாய். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
சுண்டு


ஜனவரி 12

எந்தக் காது? உடனே எழுது.

அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ சுகமா இல்லையா என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்னொரு தாள் உள்ளே சிக்கியிருக்குமோ என்று உறையைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் "அன்புள்ள" இல்லாமல் வந்த முதல் கடிதம்.

நான் பியானோவைப் பற்றி எழுதினேன். நீ காதைப் பற்றிக் கேட்கிறாய். என் கடிதத்தில் காது என்கிற வார்த்தை ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் மகாராணி விஷயத்தில். என் காது நன்றாக இருக்கிறது. டீச்சர் அடுத்த அறையில் முணுமுணுத்துத் திட்டுவதெல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

இதோடு முடித்து உறையில் போட்டுவிட்டேன். மறுபடி எடுத்து எழுதுகிறேன்.

கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு ச-க-ப அடித்தேன். சுத்தமான மேஜர். இடது காதை அடைத்துக்கொண்டு அடித்தேன். க தொங்கியது. இரண்டு காதும் திறந்திருந்தால் இரண்டு க ஒன்றையொன்று பிறாண்டுகிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை.

வலது காது.

பயமாக இருக்கிறது அக்கா. டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.

சுண்டு


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானின் இருமல் நின்றுவிட்டது. குறட்டை மட்டும் பாக்கி என்று அவரே சொல்லிக்கொள்கிறார். போன தடவை அவசரமாக எழுதிப் போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பிரஸ்ஸில் அன்றைக்கு ஒரு பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது.

முதலில் டீச்சரிடம் சொல். பிறகு இந்த வாரமே காது டாக்டரிடம் போ. அடுத்த வாரம், நாடகம் முடியட்டும் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். கதவைச் சாத்தினால் உன் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்கும், அதற்குப் பயப்படாதே. கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்டது போலத் தோன்றினால் அழுத்தாதே. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று அங்கே ஆசைப்படக்கூடாது. உப்பை இன்றிலிருந்தே குறை. தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொள், வீரம் காட்டாதே.

இப்போது நீ கேட்ட சந்தேகம். சின்ன வயதில் வெள்ளைக் கட்டைகளின் மேல் சாக்பீஸால் ச ரி க ம ப த நி என்று எழுதி அடி வாங்கினோமே, அந்தப் பெயர்களிலேயே சொல்கிறேன். அந்த ஏழும் சேர்ந்த ஸ்கேல்தான் ச வீடு. ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூன்று எடுத்தால் அந்த வீட்டுக்கு ஏழு பிள்ளைகள். ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி மூன்றும் சிரிக்கிற பிள்ளைகள், மேஜர். ரி-ம-த, க-ப-நி, த-ச-க மூன்றும் கண் கலங்கினவை, மைனர். கடைசியாக நி-ரி-ம என்று ஒன்று உண்டு. நீ அதற்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தாய். அதை அடித்தாலே கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அம்மா மடியில் போய் ஏறிக்கொள்வாய்.

ச-க-ப கார்டில் க அரைப்படி இறங்கினால் அது ச வீட்டுப் பிள்ளை இல்லை. வேறு வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் உன் க இறங்கவில்லை. கட்டை அங்கேயேதான் இருக்கிறது. கேட்கிறதை நம்பாமல், கட்டையை நம்பு.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. டீச்சர் ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்த உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சாப்பாடு இப்போது சுவரை நக்குகிற ருசியில் இருக்கிறது.

டாக்டரிடம் போனோம். என்னைவிடச் சின்ன வயதுக்காரி. பஞ்சுச் சுவர், சின்ன அறை, கையில் பொத்தான், எல்லாம் நீ எழுதின மாதிரியே. கதவைச் சாத்தினதும் மூச்சுச் சத்தம் காதை அடைத்தது. நீ முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் எழுந்து ஓடியிருப்பேன். ஒரு கட்டத்துக்கு மேல் எதுவும் வரவில்லை. முடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

உள்காதில் தண்ணீர் அழுத்தமாம். சில நாள் விடும், சில நாள் பிடிக்கும், போகப் போகத்தான் தெரியும் என்றாள். மாத்திரை கொடுத்திருக்கிறாள். "இன்னொரு காதுக்கும் வருமா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டாள். "சில பேருக்கு வரலாம். உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன்.

இடியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளே வேறொருவன் என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். இந்த வேலைக்குக் காதுதான் கை. அது இல்லாதவனை எதற்கு வைத்துக்கொள்வார்?

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பொத்தான் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?

உன் தம்பி,
சுண்டு


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். பாட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மேலே கார்டின் பெயர், கீழே சுரம். இந்தப் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளைதானா என்று பக்கம் பக்கமாகப் பார்க்கிறேன். ம-வில் தொடங்குகிற ம வீட்டில் நி அரைப்படி இறங்கித்தானே இருக்கும், யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் முழு நி-யை நுழைத்து வைத்திருந்தான். சிவப்பு மையால் வெளியே தள்ளினேன்.

பொத்தான் விஷயம், பிரஸ்ஸில் ஒருத்திக்கு இந்தக் கஷ்டம் இருந்தது. அவளோடு துணைக்குப் போயிருக்கிறேன்.

ஒத்திகையில் வலது காதில் பஞ்சு வைத்துக்கொள். நல்ல காதை மகாராணி பக்கம் திருப்பி உட்கார். இடியிடம் சொல்லிவிடு சுண்டு. மறைத்து வைத்தால் நாள் முழுக்க அதைக் காவல் காப்பதே வேலையாகிவிடும். அந்த ஒருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தலை சுற்றுகிறதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தத் தடவை அதை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நடிகர்கள், நாடகத்துக்குப் பணம் போடுகிறவர்கள், எல்லாரும் உட்கார்ந்து பார்த்த ஒத்திகை. விளக்கை அணைத்தார்கள். மகாராணி முனக ஆரம்பித்தாள். ச, க, ப என்று மூன்றிலும் அழகாக ஏறி இறங்கினாள். ச வீடு என்று முடிவு கட்டிக்கொண்டு ச-க-ப அடித்தேன். பச்சென்று பொருந்தியது. நாலு வரி ஜோராகப் போனோம். அப்போது அவள் நி-க்கு வந்தாள். நான் முழு நி அடித்தேன். அவளுடையது அரைப்படி கீழே. இரண்டும் இருட்டில் மோதின சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. அவள் ஆரம்பத்திலிருந்தே ம வீட்டில் இருந்திருக்கிறாள். ச-க-ப அங்கேயும் பிள்ளைதானே! நல்ல காது இருந்த நாளில் அவள் மூச்சை இழுக்கும்போதே எந்த வீடு என்று தெரிந்துவிடும். இப்போது கதவு எண்ணைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குள் புகுந்து செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.

விளக்கைப் போட்டார்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இடி கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். விரல் தவறிவிட்டது என்றேன். ஸ்டூலை விட்டு எழுந்தால் விழுந்துவிடுவேனோ என்று எல்லாரும் போகிறவரை உட்கார்ந்தே இருந்தேன். ஆமாம், தலையும் சுற்றுகிறது.

வீட்டுக்கு வந்து டீச்சரிடம் சொன்னபோது அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "போன தடவை உங்க அக்கா இங்க வந்தப்ப, பின்னாலேர்ந்து கூப்பிட்டதுக்கு ஒரு தடவைகூட திரும்பலையே. கவனிச்சீங்களா?"

அப்போதே நான் கவனித்திருக்கிறேன் அக்கா. கவனித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். நாங்கள் எது சொன்னாலும் அத்தான் உன் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்னார். "அத்தான் என்ன, எதிரொலியா?" என்று கேலி செய்தேன். நான் வாசித்துக் காட்டியபோது நீ என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ரெண்டாவது வரில த-ச-க போடணும், நீ வேற எங்கயோ போய்ட்ட" என்று திருத்தினாய். அடேயப்பா என்ன காது என்று டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன் வேண்டாம் என்றாய். மணிக்கட்டு வலி என்று சொல்லி வாசிப்பதை நிறுத்தினாய். எட்டு வருஷம்.

பிரஸ்ஸில் அந்த ஒருத்தி யார்?

சுண்டு


ஏப்ரல் 11

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அத்தான் நேற்று பேனாவில் மை ஊற்றி, தாளை எடுத்து வைத்து, என் எதிரில் நின்று, "எழுதும்மா. இல்லன்னா நான் போய் அவன்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். அவர் உதடு நடுங்கியதால் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒருத்தி நான்தான்.

இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிரஸ்ஸில் இயந்திரம் ஓடினால் காலடியில் தரை அதிர்வதுதான் தெரியும். ஜனவரியில் உன் கடிதத்தைப் பிரித்தபோது, க தொங்குகிறது என்று எழுதியிருந்தாய். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் அத்தானிடம் சொன்னது அதே வார்த்தை. நானும் முதலில் பியானோவைத்தான் திட்டினேன். அதற்கு மேல் படிக்க முடியாமல் அந்த ஒரு வரியை எழுதித் தபாலில் போட்டேன். நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அன்றிலிருந்து நீ வாசிக்க மாட்டாய். எனக்கும் வந்துவிட்டதா, இன்றைக்கா, நாளைக்கா என்று உன் காதையே உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன்னைத் தொடாமல் போய்விடும் என்று நம்பினேன். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் பயந்துகொண்டேதான் பிரிப்பேன். வெறும் கேலியும் கிண்டலுமாக இருந்தால் இந்த மாதம் தப்பித்தோம் என்று மூச்சு விடுவேன்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை சுண்டு. சாலையில் பின்னால் வண்டி வருமோ என்று பயம். அத்தான் தாமதமாக வந்தால், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாரோ என்று பயம். ஆனால் என் பயத்தோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டது. உனக்கு என்று வந்ததோடுதான் பழக முடியவில்லை.

டாக்டரிடம் போய், வீட்டில் இன்னொருத்திக்கும் இருக்கிறது என்று சொல். நீ இல்லை என்று சொல்லியிருப்பதால் அவர்கள் வேறு கணக்குப் போட்டுவிடக்கூடாது.

இப்போது உன் வேலை. கவனமாகப் படி. நான் காது இல்லாமல் இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருப்பது இதை வைத்துத்தான்.

ச-க-ப கார்டை நம்பாதே. ச வீடு, ம வீடு, ப வீடு, மூன்றும் அதைத் தன் பிள்ளை என்று சொல்லும். எந்த மேஜர் கார்டை எடுத்தாலும் இப்படி மூன்று மேஜர் வீடு உண்டு. மைனர் கார்டுக்கும் மூன்று. அதனால்தான் அன்றைக்குப் பச்சென்று பொருந்தியது. ஆனால் உன் பயந்தாங்கொள்ளி இருக்கிறதே, நி-ரி-ம, அதை எல்லா மேஜர் வீட்டிலும் தேடிப் பார்த்துவிட்டேன். ச வீட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது. ம வீட்டுக்கு அதன் சொந்தப் பயந்தாங்கொள்ளி, ப வீட்டுக்கு அதன் சொந்தம். ஏழு பிள்ளைகளில் அந்த ஒன்றுக்குத்தான் ஒரே தாய்.

மகாராணி முனகும்போது முந்திரிக்கொட்டை மாதிரி சிரிக்கிற கார்டில் குதிக்காதே. ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு அதன் பயந்த கார்டை மெல்லத் தொடு. உரசினால் அது அவள் வீடு இல்லை. அடுத்ததைத் தொடு. எங்கே குரல் உரசாமல் அதன் மேல் உட்காருகிறதோ அதுதான் வீடு. ஒற்றைக் காதுக்கு அது போதும்.

உன் அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. டீச்சர்தான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "எட்டு வருஷம் காதும் காதும் வச்ச மாதிரி மறைச்சிருக்காங்களே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு பேரும் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மாத்திரையை மாற்றியிருக்கிறாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாடகம் மேடை ஏறிவிட்டது. வலது காதில் பஞ்சு. அரங்கு நிறைந்த கூட்டம். விளக்கு அணைந்தது. மகாராணி ஆரம்பித்தாள். மறுபடியும் ஒரு மேஜர் கார்டின் மூன்று சுரங்களுக்குள்ளேயே ஊஞ்சல் ஆடினாள். விரல் தானாகச் சிரிக்கிற கார்டுக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நான் நினைத்த வீட்டின் பயந்த கார்டை மெல்லத் தொட்டேன். அவள் அந்த மூன்றையும் விட்டு நகர்ந்ததும் உரசியது. ஓடிவிடலாமா என்று இருந்தது அக்கா, சத்தியமாக. ஸ்டூல் நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு அடுத்த வீட்டுடையதைத் தொட்டேன். அவள் குரல் வந்து அதன் மேல் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் போய்விட்டேன். கடைசிவரை ஒரு சுரம் தவறவில்லை.

முடிந்ததும் மகாராணி வந்து, "ஆரம்பத்துல ரெண்டு தடவை பயந்த மாதிரி ஒரு சத்தம் குடுத்தீங்களே, எனக்குப் புல்லரிச்சிடுச்சு. தினமும் அதையே பண்ணுங்க" என்றாள். நிஜமாகவே பயந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது!

மறுநாள் இடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பி நின்றார். பிறகு என்னவோ சொன்னார். முதல் தடவையாக மெல்லப் பேசினார், எனக்குக் கேட்கவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கிற மனுஷரை, "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்து என் இடது காதில் சொன்னார்: "ஒரு காது இருக்கிற வரைக்கும் ஸ்டூல் உன்னுதுன்னேன்."

நல்ல மனசு. ஆனால் அந்த வாக்கியத்தில் பாதியை மட்டும் நினைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவரை எதிரொலி என்று சொன்னதற்கு நேரில் மன்னிப்புக் கேட்பேன் என்று சொல்.

உன் தம்பி,
சுண்டு


ஜூன் 20

அக்கா,

பியானோ மறுபடி சுருதி விலகியிருக்கிறது. க தொங்குகிறது.

சுருதிக்காரரைக் கூப்பிடவில்லை. இந்தத் தடவை இடது பக்கம்.

டீச்சர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ கேட்கிறாள். என்ன என்று போய்ப் பார்க்க வேண்டும்.


ஜூன் 26

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

பிரஸ்ஸில் லீவு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அத்தானும் வருகிறேன் என்றார். வேண்டாம், அங்கே எனக்கு எதிரொலி தேவைப்படாது, இரண்டு பேருமே எழுதிக் காட்டிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். பைக்குள் சாக்பீஸ் வைத்திருக்கிறேன்.

நாடகத்தில் உன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்று போடச் சொல். மகாராணி எப்படி மூச்சு இழுக்கிறாள், தொண்டை எங்கே ஏறுகிறது என்று நான் பார்க்கிறேன். பல வருஷமாக மனிதர்களை அப்படிப் பார்த்துத்தான் கேட்கிறேன். அதை உனக்கும் காட்டித் தருகிறேன். எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆளுக்கொரு ஊரில் பயந்தது போதும், இனி ஒரே வீட்டில் இருந்து பயப்படுவோம்.

ஸ்டேஷனுக்கு வந்தால் என்னைப் பின்னாலிருந்து கூப்பிடாதே. முன்னால் வந்து நில்.

அக்கா